வேறு டொமைனிலிருந்து எஸ்க்யூஎல் சர்வரில் லாகின் ஆகவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

பயனரின் கணினி ஒரு விண்டோஸ் டொமைனில் (கணக்குகளையும் கணினிகளையும் ஒன்றாக நிர்வகிக்கும் வட்டத்தில்), எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள சர்வர் இன்னொரு டொமைனில். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கிய இடங்களிலும், தரவுத்தளங்களைப் பாதுகாப்புக்காகத் தனி டொமைனில் வைத்திருக்கும் இடங்களிலும், வாடிக்கையாளரின் சர்வரில் வெளியிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும் இது அன்றாட நிலைமை. லாகின் ஆகவில்லை என்றதும் பல இடங்களில் உடனே நடப்பது, விண்டோஸ் கணக்கோடு சம்பந்தமில்லாத எஸ்க்யூஎல் லாகின் ஒன்றை உருவாக்கிப் பாஸ்வேர்டை மின்னஞ்சலில் அனுப்பிவிடுவது. அன்றைய வேலை ஓடிவிடும். ஆனால் அந்தப் பாஸ்வேர்ட் நாலைந்து கான்ஃபிக் ஃபைல்களில் போய் உட்கார்ந்துவிடும். வேலையை விட்டுப் போனவரின் லாகின் யாருக்கும் தெரியாமல் திறந்தே கிடக்கும். கோரிக்கை எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால் இந்தக் குறுக்கு வழி பெரும்பாலும் தேவைப்படாது.

உதாரணத்துக்கு, பயனர் இருப்பது 'விற்பனை' டொமைன், சர்வர் இருப்பது 'கிடங்கு' டொமைன் என்று வைத்துக்கொள்வோம்.

எதற்கும் முன்னால் சர்வரின் எர்ரர் லாக்

பயனரின் திரையில் வரும் செய்தி முழு விவரத்தைச் சொல்லாது; வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். லாகின் தோல்விக்கான 18456 பிழையில் பயனருக்குத் தெரியும் 'ஸ்டேட்' எண் எப்போதும் 1. உண்மையான எண் சர்வரின் எர்ரர் லாக்கில்தான் எழுதப்படுகிறது. வெளியாளுக்கு எது தவறு என்று துப்புக் கொடுக்கக் கூடாது என்பதுதான் காரணம். எனவே பயனரிடம் முயன்ற நேரத்தைச் சரியாகக் கேட்டுக்கொண்டு, மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவிலோ எஸ்பி_ரீட்எர்ரர்லாக் மூலமாகவோ அந்த நிமிடத்தின் வரிகளைப் பாருங்கள்.

வரி இருந்தால் கோரிக்கை சர்வர் வரை வந்து மறுக்கப்பட்டிருக்கிறது. வரியே இல்லையென்றால், நெட்வொர்க்கில் நின்றுவிட்டது, அல்லது பயனரின் கணினியே டிக்கெட் (தன் அடையாளத்துக்கான சான்று) வாங்க முடியாமலோ சான்றிதழை ஏற்காமலோ கைவிட்டுவிட்டது. சர்வரின் லாகின் ஆடிட்டிங்கை யாராவது அணைத்து வைத்திருந்தாலும் வரி வராது. அதையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

அறிகுறி: சர்வரே கிடைக்கவில்லை (பிழை 26, 53, 10060, 10061)

இதற்கும், டிரஸ்ட் எனப்படும் டொமைன்களுக்கு இடையிலான நம்பிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. பயனரின் கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையால் சர்வரின் 1433 போர்ட்டைத் தட்டிப் பாருங்கள். 10060 என்றால் பதிலே வரவில்லை. பெரும்பாலும் நடுவில் இருக்கும் ஃபயர்வால். 10061 என்றால் கணினி வரை போயிற்று, ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. டிசிபி/ஐபி இயக்கப்படாமல் இருக்கலாம், போர்ட் வேறாக இருக்கலாம்.

26 பெயருள்ள இன்ஸ்டன்ஸ்களில் (ஒரே கணினியில் தனித்தனிப் பெயரில் ஓடும் எஸ்க்யூஎல் சர்வர் நிறுவல்கள்) வருவது. இன்ஸ்டன்ஸின் போர்ட் எது என்று தெரிந்துகொள்ளப் பயனரின் கணினி யூடிபி 1434-இல் எஸ்க்யூஎல் சர்வர் பிரவுசர் சேவையைக் கேட்கும். இரண்டு டொமைன்களுக்கு நடுவே உள்ள ஃபயர்வாலில் யூடிபி 1434-ஐத் திறந்து வைப்பவர்கள் குறைவு. அதைத் திறக்கச் சொல்லிப் போராடுவதைவிட, இன்ஸ்டன்ஸுக்கு நிலையான போர்ட் ஒன்றைக் கொடுத்து, 'சர்வர் பெயர், காற்புள்ளி, போர்ட் எண்' என்று எழுதி இணைவது எளிது.

53 வந்தால் பெயரைக் கவனியுங்கள். கிடங்கு டொமைனுக்குள் சுருக்கப் பெயர் வேலை செய்யும். விற்பனை டொமைனிலிருந்து செய்யாது. முழு டிஎன்எஸ் பெயரைக் கொடுங்கள். அதுவும் கிடைக்கவில்லை என்றால் விற்பனையின் டிஎன்எஸ் சர்வரில் கிடங்குக்கு ஒரு கண்டிஷனல் ஃபார்வர்டர் (கிடங்குப் பெயர்களைக் கிடங்கின் டிஎன்எஸ்ஸிடம் கேட்கச் சொல்லும் அமைப்பு) வேண்டும். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி எழுதிச் சமாளிக்காதீர்கள். சர்வர் கிடைத்துவிடும், ஆனால் அங்கே எழுதிய பெயர் பதிவான பெயரோடு பொருந்தாவிட்டால் டிக்கெட் மூலம் அடையாளத்தை உறுதி செய்யும் கெர்பெரோஸ் முறை உடைந்து, கீழே வரும் இன்னொரு அறிகுறியாக எழுந்து வரும்.

அறிகுறி: 'நம்பகமில்லாத டொமைனிலிருந்து வந்த லாகின்' (பிழை 18452)

இதுதான் இந்தச் சிக்கலின் மையம். நீங்கள் விற்பனையைச் சேர்ந்த இன்னார் என்பதைச் சர்வரால் உறுதி செய்துகொள்ள முடியவில்லை என்று அர்த்தம். எஸ்க்யூஎல் சர்வருக்குள் லாகின் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி இன்னும் எழவே இல்லை. அதனால் இந்த இடத்தில் உள்ளே போய் லாகினை நீக்கி, மறுபடி உருவாக்கி, அனுமதி கூட்டிக் கொடுப்பதெல்லாம் வீண் வேலை.

இதே செய்தி பல காரணங்களுக்கு வரும். பிரித்தறிய, எர்ரர் லாக்கில் இதற்குச் சற்று மேலே 17806 என்ற பிழை இருக்கிறதா பாருங்கள். அதோடு ஒரு குறியீடு இருக்கும். 80090311 என்றால், அடையாளத்தைச் சரிபார்க்க எந்த டொமைன் கன்ட்ரோலரும் (டொமைனின் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்) அகப்படவில்லை. 8009030சி என்றால், சரிபார்க்கும் இடம் வரை போய் மறுக்கப்பட்டது. இரண்டாவது வந்தால் விண்டோஸின் செக்யூரிட்டி லாக்கில் அதே நேரத்து 4625 நிகழ்வைத் திறந்து, துணை நிலைக் குறியீட்டைப் படியுங்கள். 0064 என்று முடிந்தால் அப்படி ஒரு பயனர் இல்லை. 0234 என்றால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது. 0413 என்றால் அது தனிக் கதை, கீழே வருகிறேன்.

அடுத்த கேள்வி: இரண்டு டொமைன்களுக்கும் இடையே டிரஸ்ட் இருக்கிறதா? இருந்தால் எந்தத் திசையில்? குழப்பம் அதிகம் நடப்பது திசையில்தான். சர்வர் இருக்கும் கிடங்கு, பயனர் இருக்கும் விற்பனையை நம்ப வேண்டும். கடன் கொடுக்கிற கடைக்காரர்தான் வாங்க வருகிறவரை நம்ப வேண்டும். வாங்குகிறவர் கடைக்காரரை நம்பி என்ன பயன்? 'விற்பனை கிடங்கை நம்புகிறது' என்று ஒருவழி டிரஸ்ட் போட்டுவிட்டு, டிரஸ்ட் இருக்கிறதே ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது.

சர்வர் கணினியில் உட்கார்ந்து என்எல்டெஸ்ட் கட்டளையை டிரஸ்டட்_டொமைன்ஸ் சுவிட்ச்சோடு ஓட்டினால் நம்பப்படும் டொமைன்களின் பட்டியல் வரும். விற்பனையின் பெயர் அதில் இருக்க வேண்டும். அப்புறம் அதே கட்டளையை டிஎஸ்கெட்டிசி சுவிட்ச்சோடு, விற்பனையின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். டொமைன் கன்ட்ரோலரின் பெயர் திரும்பி வராவிட்டால், டிரஸ்ட் தாளில் இருந்தும் வழி அடைபட்டிருக்கிறது. டிஎன்எஸ், ஃபயர்வால் இரண்டையும் பாருங்கள்.

எந்தக் கணினி எதனோடு பேச வேண்டும் என்பதை நெட்வொர்க் குழுவிடம் தெளிவாகச் சொன்னால் பாதி நேரம் மிச்சமாகும். விண்டோஸின் பழைய அடையாளச் சரிபார்ப்பு முறையான என்டிஎல்எம்மில் பயனரின் கணினி சர்வரோடு மட்டும் பேசினால் போதும். சர்வர் தன் கிடங்கு கன்ட்ரோலரைக் கேட்கும், அது விற்பனை கன்ட்ரோலரைக் கேட்கும். கெர்பெரோஸ் முறையில் அப்படியில்லை. பயனரின் கணினி முதலில் விற்பனை கன்ட்ரோலரிடமும், அது கைகாட்டிய பிறகு நேரடியாகக் கிடங்கு கன்ட்ரோலரிடமும் 88-ஆம் போர்ட்டில் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் சர்வரிடம் வர வேண்டும். 1433-ஐ மட்டும் திறந்துவிட்ட இடங்களில் என்டிஎல்எம் ஓடி, கெர்பெரோஸ் ஓடாமல் இருப்பதன் காரணம் இது. கன்ட்ரோலர்களுக்கு இடையே 53, 88, 135, 389, 445 ஆகியவற்றோடு, ஆர்பிசிக்கான 49152 முதல் 65535 வரையிலான வரம்பும் வழக்கமாகத் தேவைப்படும்.

சர்வர் கணினியிலேயே உட்கார்ந்து, அதன் உண்மைப் பெயரால் இணைந்தால் வேலை செய்கிறது, மாற்றுப் பெயரால் இணைந்தால் 18452 வருகிறது என்றால் டிரஸ்டைத் தொடாதீர்கள். அது, கணினி வேறு பெயரில் தன்னோடு தானே இணைவதைத் தடுக்கும் விண்டோஸின் லூப்பேக் சோதனை. ரெஜிஸ்ட்ரியில் பேக்கனெக்ஷன்ஹோஸ்ட்நேம்ஸ் என்ற மதிப்பில் அந்த மாற்றுப் பெயரைச் சேர்த்தால் தீரும். சோதனையையே அணைத்துவிடும் வழியும் உண்டு, அது வேண்டாம்.

டிரஸ்ட் இல்லை, வரவும் வராது என்றால்

வாடிக்கையாளரின் டொமைன் உங்கள் நிறுவனத்தின் டொமைனை நம்பப் போவதில்லை, நம்பவும் கூடாது. ஒருவர் லாகின் ஆவதற்காக இரண்டு டொமைன்களை இணைப்பது நியாயமே இல்லை. கிடங்கில் உங்களுக்கு ஒரு கணக்கு வாங்கிக்கொண்டு, உங்கள் கணினியிலிருந்தே அதைப் பயன்படுத்தலாம்.

ரன்அஸ் கட்டளையில் நெட்ஒன்லி சுவிட்ச்சைச் சேர்த்து, கிடங்குக் கணக்கின் பெயரைக் கொடுத்து, மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவைத் திறங்கள். கணினிக்குள் நீங்கள் விற்பனைப் பயனராகவே இருப்பீர்கள். நெட்வொர்க்கில் வெளியே போகும்போது மட்டும் கிடங்குப் பயனர். இதில் இரண்டு விஷயம் புதியவர்களைக் குழப்பும். பாஸ்வேர்ட் தவறாக அடித்தாலும் நிரல் திறந்துவிடும், ஏனென்றால் அப்போது யாரும் அதைச் சரிபார்ப்பதில்லை. சர்வரோடு இணையும்போதுதான் பிழை வரும். இன்னொன்று, இணைப்புப் பெட்டியில் உங்கள் விற்பனைப் பெயரே தெரியும். அதைப் பார்த்து வேலை செய்யவில்லை என்று மூடிவிடாதீர்கள். இணைந்த பிறகு செலக்ட் ஒரிஜினல்_லாகின்() என்று கேட்டால் சர்வருக்கு நீங்கள் யாராகத் தெரிகிறீர்கள் என்று சொல்லிவிடும்.

தினமும் இணைபவர்களுக்குக் கிரெடென்ஷியல் மேனேஜர் வசதியானது. அதில் விண்டோஸ் கிரெடென்ஷியல் பகுதியில் சர்வரின் முழுப் பெயர், முக்காற்புள்ளி, 1433 என்று எழுதி, கிடங்குக் கணக்கைச் சேமியுங்கள். ஸ்டுடியோவில் போர்ட்டுக்கு முன் காற்புள்ளி, இங்கே முக்காற்புள்ளி. பெயரும் ஸ்டுடியோவில் கொடுக்கும் முழுப் பெயரோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பதிவு எடுத்துக்கொள்ளப்படாது.

கூடவே ஒரு எச்சரிக்கை. கிடங்குக் கணக்கின் பாஸ்வேர்ட் காலாவதியானால் பழைய பாஸ்வேர்ட் சேமிப்பில் அப்படியே இருக்கும். ஸ்டுடியோ அதைத் திரும்பத் திரும்ப அனுப்பி, கணக்கைப் பூட்டவைத்துவிடும். நேற்று வரை ஓடியது இன்று 18452 என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

விண்டோஸ் டொமைனிலேயே இல்லாத ஒரு நிரல் இணைய வேண்டும் என்றால் எஸ்க்யூஎல் லாகின் சரியான தேர்வுதான். ஒரு நிரலுக்கு ஒரு லாகின், தேவையான அனுமதி மட்டும், என்கிரிப்ட் செய்த இணைப்பு. இவை இருந்தால் தயங்க வேண்டியதில்லை. ஜாவா நிரல் என்றால் இன்னொரு வழியும் உண்டு: மைக்ரோசாஃப்டின் ஜேடிபிசி டிரைவர் 7.4 முதல், என்டிஎல்எம் முறையில் டொமைன் பெயரையும் பாஸ்வேர்டையும் நேரடியாகக் கொடுக்க விடுகிறது.

அறிகுறி: டிரஸ்ட் சரி, கன்ட்ரோலர் தெரிகிறது, ஆனாலும் 0413

டிரஸ்ட் போடும்போது 'செலக்டிவ் ஆதென்டிகேஷன்' தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் விற்பனைப் பயனர்கள் கிடங்கின் எல்லாக் கணினிகளிலும் நுழைய முடியாது; கணினி கணினியாக அனுமதி கொடுக்க வேண்டும். ஆக்டிவ் டைரக்டரியில் அந்தச் சர்வரின் கணினிப் பதிவில், விற்பனைக் குழுவுக்கு 'அலோவ்ட் டு ஆதென்டிகேட்' உரிமையைக் கொடுங்கள். எஸ்க்யூஎல் சேவை ஒரு டொமைன் கணக்கில் ஓடினால், கெர்பெரோஸுக்காக அந்தச் சேவைக் கணக்கின் பதிவிலும் அதே உரிமை வேண்டும். இந்த இரண்டாவதை விட்டுவிடுவதால் சிலருக்கு வேலை செய்து சிலருக்குச் செய்யாத விசித்திரம் உண்டாகும். டிரஸ்டை 'டொமைன் முழுக்க' என்று மாற்றிவிட்டாலும் பிழை போகும்தான், ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை யோசித்து வைத்தவர்களின் வேலையை ஒரே கிளிக்கில் அழித்ததாகிவிடும்.

அறிகுறி: 'எஸ்எஸ்பிஐ கான்டெக்ஸ்டை உருவாக்க முடியவில்லை'

எஸ்எஸ்பிஐ என்பது அடையாளச் சரிபார்ப்பைக் கவனிக்கும் விண்டோஸ் பகுதி. இந்தப் பிழை உருவாவது பயனரின் கணினியில். பெரும்பாலும் எஸ்பிஎன் எனப்படும் சேவைப் பெயர்ப் பதிவில் (எந்தச் சேவை எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று டைரக்டரியில் உள்ள குறிப்பு) கோளாறு.

இங்கே ஒரு நுணுக்கம் தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். எஸ்பிஎன் பதிவே இல்லையென்றால் விண்டோஸ் அமைதியாக என்டிஎல்எம்முக்கு இறங்கிவிடும். பயனருக்கு எதுவும் தெரியாது. பதிவு இருந்து, அது தவறான கணக்கின் மேல் இருந்தால்தான் பிழை வரும். அதனால் இந்தச் செய்தியைப் பார்த்ததும் 'புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்' என்று எண்ணாமல், 'எங்கேயோ தவறாக அல்லது இரட்டையாகப் பதிவாகியிருக்கிறது' என்று தேடுங்கள். சேவைக் கணக்கை மாற்றிய சர்வர்களில் பழைய கணக்கின் மேல் பதிவு ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம். செட்எஸ்பிஎன் கட்டளையின் க்யூ சுவிட்ச் ஒரு பதிவு யார் மேல் இருக்கிறது என்று காட்டும். எக்ஸ் சுவிட்ச் இரட்டைப் பதிவுகளைக் காட்டும். பழையதை நீக்கிவிட்டு எஸ் சுவிட்ச்சால் சேருங்கள். இரட்டிப்பு இருக்கிறதா என்று அது சரிபார்த்துவிட்டே சேர்க்கும். பிறகு பயனரின் கணினியில் கேலிஸ்ட் பர்ஜ் கொடுத்துப் பழைய டிக்கெட்டைக் களையுங்கள்.

எஸ்பிஎன் சரியாக இருந்தும் பிழை நீடித்தால் கடிகாரத்தைப் பாருங்கள். கெர்பெரோஸ் இயல்பாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும்; தனித்தனி டொமைன்கள் தனித்தனி நேர மூலங்களைப் பின்பற்றுவதால் இது நடக்கக்கூடியதே. அடுத்தது என்கிரிப்ஷன் வகை. 2022 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அப்டேட்டுகள் ஆர்சி4 என்ற பழைய வகையைப் பின்னுக்குத் தள்ளி ஏஇஎஸ் என்ற வலுவான வகையை முன்னிறுத்தின. ஒரு பக்கம் ஆர்சி4-ஐ அணைத்துவிட்டு, டிரஸ்டின் பண்புகளில் 'மறு டொமைன் ஏஇஎஸ்ஸை ஆதரிக்கிறது' என்ற பெட்டி டிக் செய்யப்படாமல் கிடந்தால் டிக்கெட் கிடைக்காது.

எது ஓடுகிறது என்று சந்தேகமாக இருந்தால், இணைந்த ஒரு அமர்விலிருந்து சிஸ்.டிஎம்_எக்ஸிக்_கனெக்ஷன்ஸில் உங்கள் வரியின் ஆத்_ஸ்கீம் நெடுவரிசையைப் பாருங்கள். கெர்பெரோஸா என்டிஎல்எம்மா என்று எழுதியிருக்கும்.

அறிகுறி: சான்றிதழை நம்ப முடியவில்லை

'நம்பகமில்லாத' என்ற சொல் இருப்பதாலேயே இதை டொமைன் டிரஸ்ட் பிரச்சினை என்று எண்ணி நாள்கணக்கில் தேடுகிறார்கள். இது, இணைப்பை என்கிரிப்ட் செய்யும் டிஎல்எஸ்ஸின் சான்றிதழ் விவகாரம். மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ 20, ஓடிபிசி டிரைவர் 18 ஆகியவை இயல்பாகவே என்கிரிப்ஷனைக் கட்டாயமாக்குகின்றன. கிடங்கின் கணினிகள் கிடங்கின் சான்றளிப்பு சர்வரை நம்பும். விற்பனையின் கணினிக்கு அதைத் தெரியாது. அதன் ரூட் சான்றிதழை விற்பனைக் கணினிகளில் நிறுவுங்கள். 'டிரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட்' பெட்டியை டிக் செய்வது சோதனைக்கு மட்டும். 'டார்கெட் பிரின்சிபல் நேம் தவறு' என்ற செய்தி மட்டும் கவனம்: எஸ்பிஎன் தவறினாலும் அதே வரும், சான்றிதழில் உள்ள பெயரும் நீங்கள் கொடுத்த பெயரும் ஒத்துப்போகாவிட்டாலும் அதே வரும்.

அறிகுறி: 18456

நல்ல செய்தி: விண்டோஸ் லாகினில் இது வந்தால் அடையாளம் உறுதியாகிவிட்டது, டிரஸ்ட் வேலை செய்கிறது. லாக்கில் ஸ்டேட் 5 என்றால் பொருந்தும் லாகின் இல்லை. 11, 12 என்றால் ஆள் தெரிகிறார், நுழைய உரிமை இல்லை. 38 என்றால் கேட்ட டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை. 58 என்றால் சர்வர் விண்டோஸ் லாகின் மட்டும் ஏற்கும் நிலையில் இருக்கிறது. ஸ்டேட் 6 இரு டொமைன் சூழலில் அடிக்கடி வரும்: எஸ்க்யூஎல் ஆதென்டிகேஷனைத் தேர்ந்துவிட்டு, பெயர்ப் பெட்டியில் கிடங்குக் கணக்கின் விண்டோஸ் பெயரை அடித்திருக்கிறார்கள். அந்தப் பெட்டி அதற்கானது அல்ல. மேலே சொன்ன ரன்அஸ் வழிதான் சரி.

குழுக்கள் வழியாக அனுமதி கொடுக்கிறீர்கள் என்றால், குழுவின் வகை முக்கியம். குளோபல் குழு வேறு டொமைன் ஆட்களை ஏற்காது. யுனிவர்சல் குழு அதே ஃபாரஸ்டுக்குள் (ஒன்றாக இணைந்த டொமைன்களின் தொகுப்பு) மட்டும். கிடங்கில் ஒரு டொமைன் லோக்கல் குழுவை உருவாக்கி, அதற்குள் விற்பனையின் குளோபல் குழுவைப் போட்டு, டொமைன் லோக்கல் குழுவுக்கு எஸ்க்யூஎல் லாகின் கொடுங்கள். ஆள் மாறும்போது விற்பனைக்காரர்களே தங்கள் குழுவில் மாற்றிக்கொள்வார்கள். சர்வரைத் தொட வேண்டியதில்லை. குழுவில் சேர்த்த உடனே வேலை செய்யாது. பயனர் லாக் ஆஃப் செய்து மறுபடி வர வேண்டும்.

அறிகுறி: நேரடியாக இணைந்தால் சரி, லிங்க்டு சர்வர் வழியாகப் போனால் 'அனானிமஸ் லாகான்'

பயனரிடமிருந்து முதல் சர்வர், அங்கிருந்து இரண்டாவது சர்வர் என்று இரட்டைத் தாவல். என்டிஎல்எம் அடையாளத்தை இரண்டாவது தாவலுக்குக் கொண்டுபோக முடியாது. முதல் இணைப்பு கெர்பெரோஸாக இருக்க வேண்டும், டெலிகேஷனும் (பயனர் சார்பாக இன்னொரு சர்வரிடம் போகும் அனுமதி) வேண்டும். 2019-இல் வந்த பாதுகாப்பு அப்டேட்டுகளுக்குப் பிறகு, ஃபாரஸ்ட் டிரஸ்டைத் தாண்டிக் கட்டுப்பாடற்ற டெலிகேஷன் இயல்பாகவே வேலை செய்யாது. டொமைன்களுக்கு நடுவே செய்ய விண்டோஸ் சர்வர் 2012-இல் வந்த ரிசோர்ஸ் அடிப்படையிலான டெலிகேஷன்தான் வழி. அதில் இரண்டாவது சர்வரின் பக்கமே யாரை அனுமதிப்பது என்று எழுதப்படுகிறது. இவ்வளவு ஏற்பாடு வேண்டாம் என்றால், லிங்க்டு சர்வரில் குறைந்த அனுமதியுள்ள ஒரு எஸ்க்யூஎல் லாகினை மேப் செய்யுங்கள்.

அறிகுறி: பயனர் நுழைகிறார், அவருடைய ஜாப் மட்டும் ஓடவில்லை (பிழை 15404)

விற்பனைப் பயனர் உருவாக்கிய ஏஜென்ட் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) இரவில் தோற்றுப்போகும். அந்தப் பயனரின் தகவலைப் பெற முடியவில்லை என்று சொல்லும், கூடவே குறியீடு 5. ஜாப் ஓடும் நேரத்தில் பயனர் அங்கே இல்லை. அதனால் சர்வரின் சேவைக் கணக்கே விற்பனை டைரக்டரியில் போய் அவரைப் பற்றி விசாரிக்கிறது. ஒருவழி டிரஸ்டில் கிடங்கு விற்பனையை நம்புகிறதே தவிர, விற்பனை கிடங்கை நம்பவில்லை. விசாரிக்க வந்த கணக்கை அது உள்ளே விடாது. 5 என்றால் அனுமதி மறுப்பு. 54பி என்று வந்தால் டொமைனையே அடைய முடியவில்லை, 534 என்றால் அந்தப் பெயர் எந்தக் கணக்கோடும் பொருந்தவில்லை. குறியீடு 5 வந்தால் டிரஸ்டை இருவழியாக்கச் சொல்ல வேண்டாம். ஜாபின் உரிமையாளராகக் கிடங்குக் கணக்கு ஒன்றையோ எஸ்க்யூஎல் லாகினையோ வையுங்கள். வேறொரு பயனராக ஓடச் சொல்லும் எக்ஸிக்யூட் ஆஸ் போட்டு எழுதிய ப்ரொசீஜர்களும் இதே பிழையில் மாட்டும். அவற்றிலும் விற்பனைப் பயனரின் பெயர் இருக்கிறதா என்று அப்போதே தேடி மாற்றிவிடுங்கள்.